நீ பட்டுக்கல் என்று பெயர் வைத்தது

அக்கா,

மூன்று நாளாக என் புடவை ஒன்று வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை உன் வீட்டிலிருந்து திரும்பியதும் நேராகக் குளியலறைக்குள் போய், கட்டியிருந்த நீலப் புடவையை உதறாமல் அப்படியே தண்ணீருக்குள் இறக்கினேன். இன்று திங்கள். இரண்டு தடவை தண்ணீர் மாற்றியாகிவிட்டது. பிழியத்தான் கை வரவில்லை. வாளியிலிருந்து ஊறிய துணியின் புளித்த வாடை வருகிறது. அதற்கு அடியில் இன்னொன்றும் வருகிறது, நனைந்த கல்லின் வாடை. பன்னிரண்டு வருடம் மத்தியானச் சோற்றோடு சேர்த்து நாம் முகர்ந்த அதே வாடை. அது நிஜமாகவே வருகிறதா, என் பயம் கொண்டுவந்து வைக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காலையில் என் வீட்டுக்காரர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மே, பொடவைய இன்னா ஊறுகா போடுறியா?" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். கேஸை மூடினேனா என்று ரயில் ஏறிய பிறகு யோசிக்கிறவள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நாலாவது தடவைக்குத் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள். "பயப்படறதுக்குன்னு ஒரு கம்பெனி தொறந்தாங்கன்னா உன்னத்தான்டி சூப்பர்வைசரா போடுவாங்க" என்று நீ கிண்டலடிப்பாய். இந்தத் தடவை அது வெறும் பயம் இல்லை. நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நீ போய் எட்டு மாதம் கழித்து அதை உன் வீட்டுக்காரர் மாமாவிடமும் உன் மகள் கிரேஸிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன்னிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் கிரேஸ் போன் செய்தாள். "சின்னம்மா, அம்மாவோட கல்லையெல்லாம் முன் ரூம்ல அடுக்கிட்டோம். போர்டு கூட மாட்டியாச்சு. சனிக்கெழம கவரைப்பேட்டையிலேர்ந்து ஸ்கூல் புள்ளைங்க மொத மொதல்ல பாக்க வராங்க. நீங்க இல்லாம எப்படி?" என்றாள். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "அம்மா சொன்னதுதான். எல்லாத்தையும் தொடலாம்." அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். போனை வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

அந்தப் பலகையில் என்ன இருக்கும் என்று எனக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். நீயும் நானும் கிரேஸும் ஒரு பொங்கல் விடுமுறையில் பட்டணத்து மியூசியத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கல் வைத்திருந்த கூடத்துக்குள் நுழைந்ததும் நீ நடக்க மறந்துபோனாய். கண்ணாடிக்குப் பின்னால் ஊதா நிறத்தில் ஒன்று பளபளத்தது. நீ கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாய், அவ்வளவுதான். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி, "ஏய், தொடாத!" என்று அதட்டினார். நீ கையை எடுத்துக்கொண்டாய். வெளியே வந்து வேர்க்கடலை வாங்கினாய். ரயில் மீஞ்சூர் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"சின்னப்புள்ளயா இருக்கச்சொல்ல எங்கம்மாகூட அறுப்புக்குப் போவேன். பெரிய ஊட்டு வாசல்ல கருங்கல்லு தூணு ஒன்னு. தொட்டா ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு நாள் கன்னத்த வெச்சுக்கினு நின்னுட்டேன். பாத்துட்டாங்க. என்ன அடிக்கலடி. தூணுக்குத் தண்ணி ஊத்திக் கழுவுனாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். கடலைத் தோலை ஊதிவிட்டு, "கல்லுக்கு இன்னாடி தீட்டு? நான் ஒன்னு வெச்சா எல்லாத்தையும் தொடலாம்னு போர்டு போடுவேன்" என்றாய். கிரேஸ் உன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை போலிருக்கிறது.

உனக்கு எங்கிருந்து அந்தக் கல் பித்து வந்தது என்று மற்றவர்கள் கேட்பார்கள். எனக்குத் தெரியும், குப்பையிலிருந்து வந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அந்த வெள்ளைக்கல் யார்டில் நமக்குக் கொடுத்த வேலையே பிரிப்பதுதான். லாரி வந்து கொட்டும். இரும்பு உருக்குகிற உலைக்கு உள்பூச்சு போட வெள்ளைக்கல் தூள் வேண்டும், அதில் வேறு நிறம் கலக்கக் கூடாது. இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெள்ளையை ஒரு பக்கம் தள்ளுவோம். துருக்கறை பட்டது, காக்காப்பொன் ஒட்டியது, சிவப்புப் புள்ளி விழுந்தது எல்லாம் மதில் ஓரக் குவியலுக்குப் போகும். வெள்ளை அரைவைக்குப் போய்த் தூளாகும். சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்போம். நனைந்தால் நிறம் தெரிந்துவிடும். எத்தனை கல்லை நக்கியிருப்போம் அக்கா!

அந்த மதில் ஓரக் குவியலிலிருந்து நீ தினமும் ஒன்று எடுப்பாய். ஒன்றே ஒன்று. சாப்பிட்டுக் கழுவிய டிபன் பாக்ஸில் போட்டு மூடுவாய். கேட்டில் செக்யூரிட்டி தாத்தா பாக்ஸைத் திறக்கச் சொல்லி, கல்லைப் பார்த்துவிட்டு, "இத்த எடுத்துக்கினு போய் இன்னாம்மா பண்ணுவ?" என்பார். "மீன் கொழம்புல போடுவேன் தாத்தா. முள்ளு இல்ல பாரு" என்பாய். அவர் ஒவ்வொரு நாளும் அதற்குப் புதிதாகச் சிரிப்பார்.

இன்னொன்றும் உன்னுடையதுதான். லாரி பின்பக்கம் தூக்கும்போது நீ வரிசையின் முதலில் எழுந்து நின்று, "புடி!" என்று கத்துவாய். இருபது பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்தி மூச்சைப் பிடித்துக்கொள்வோம். புழுதியில் யார் முகமும் தெரியாது. உன் கை மட்டும் மேலே தெரியும். விரல் ஒவ்வொன்றாக விரியும், பத்து ஆனதும் மறுபடி பத்து. புழுதி கொஞ்சம் கீழே இறங்கியதும் "வுடு!" என்பாய். எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை விடுவோம், ஒரே நேரத்தில் இருமுவோம், பிறகு ஒரே நேரத்தில் சிரிப்போம். மாஸ்க் என்று ஒன்று இருப்பதே நமக்கு அப்போது தெரியாது. இருபது எண்ணினால் போதும், கல் நம்மை ஒன்றும் செய்யாது என்று நாம் நிஜமாகவே நம்பினோம்.

இனி நான் கொடுத்த கல்லைப் பற்றி.

என் வீட்டுக்காரர் அப்போது ஆந்திராவுக்கு லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். கடப்பா பக்கம் எங்கேயோ வண்டியை நிறுத்தியபோது, சாலையோரம் கிடந்தது என்று ஒரு கல்லைக் கொண்டுவந்தார். "உங்க அக்காவுக்குக் குடு, கல்லுப் பைத்தியம்" என்றார். பச்சைக் கல். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு பட்டை. அந்தப் பட்டை கல்லாகவே இல்லை. நகத்தால் கிள்ளினால் நூலாக வந்தது. மறுநாள் நாஷ்டா நேரத்தில் நான் அதைக் காகிதத்திலிருந்து பிரித்தபோது நீ கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்துவிட்டாய். கன்னத்தில் வைத்துப் பார்த்தாய். அந்தப் பட்டையை விரலால் வருடிவிட்டு, "பட்டுடி! கல்லுக்குள்ள பட்டுப்பூச்சி பூந்துக்கினு இருக்குது!" என்றாய். ஒரு நூலைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்து ஊதினாய். வெயிலில் அது மினுங்கிக்கொண்டு போனது. நாம் இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உனக்கு நான் தங்கத்தில் எதுவும் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தாலும் அவ்வளவு கொண்டாடியிருக்க மாட்டாய். அன்றிலிருந்து உன் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர், அடுத்தது அந்தக் கல். "ஒரு நூலு எடுத்துக்கோ" என்பாய். சர்ச்சுக்கு வருகிறவர்கள், சீட்டுக் கட்டுகிற பெண்கள், மாமாவின் தம்பி குடும்பம் எல்லாரும் ஒரு நூல் எடுத்திருக்கிறார்கள். கல்லுக்குப் பக்கத்தில் கிரேஸ் கையால் ஒரு சீட்டு எழுதி வைத்தாய். "பட்டுக்கல். கொண்டாந்தது என் சிநேகிதி ராணி."

யார்டை மூடிய பிறகு நான் சோழவரம் பக்கம் வண்டி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரம் எங்களை ஏசி ரூமில் உட்கார வைத்துப் பாதுகாப்புப் பாடம் நடத்தினார்கள். சேஃப்டி ஆபீசர் தம்பி திரையில் படங்களாகப் போட்டுக்கொண்டே போனார். ஆசிட் கேன், கரண்ட் பெட்டி, உடைந்த கூரை ஓடு. அடுத்த படத்தில் பச்சைக் கல். நடுவில் வெள்ளைப் பட்டை. நூல்.

"இது கல்நார். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டுல இருக்கிறது இதுதான். பாக்க அழகா இருக்கும், தொட்டா மெத்துன்னு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நூலு மூச்சுல போய் நெஞ்சுல குத்திக்கும். உடனே ஒன்னும் தெரியாது. வருஷங்கழிச்சுத்தான் தெரியும்." அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். எனக்கு அதற்கப்புறம் ஒன்றும் காதில் விழவில்லை. டீ கொடுத்தார்கள், குடிக்காமல் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் ஏசி குளிரா என்று கேட்டாள், ஆமாம் என்று சொன்னேன்.

அப்போது நீ ஏற்கெனவே படுக்கையில் இருந்தாய் அக்கா. முதலில் டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் வேறொரு டாக்டர், எங்கே வேலை செய்தாய் என்று கேட்ட முதல் டாக்டர் அவர்தான், கல்தூசி என்றார். நுரையீரல் கெட்டிப்பட்டுப் போயிற்று, இதற்கு மருந்து கிடையாது என்றார். மூக்கில் குழாய் வைத்த மெஷின் உன் கட்டில் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தப் பாடத்துக்குப் பிறகு நான் உன்னை இரண்டு தடவை வந்து பார்த்தேன். முதல் தடவை எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ மெத்தைக்குப் பக்கத்திலேயே அந்தக் கல்லை வைத்திருந்தாய். என்னைப் பார்த்ததும் ஒரு நூலைக் கிள்ளி, பேச மூச்சு இல்லாததால், என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடினாய். நான் அந்தக் கையை அப்படியே மூடி வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மழை வருமா என்பதைப் பற்றிப் பேசினேன். இரண்டாவது தடவை நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அதுவே நல்லது என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

சொல்லியிருந்தால் நீ பிழைத்திருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லாமல் இருந்ததற்கு அது காரணம் இல்லை. ராணி கொடுத்த கல் என்று நீ எல்லாரிடமும் காட்டிய கல், உன்னை முடித்ததில் அதற்கும் ஒரு பங்கு இருக்குமோ என்று நீ ஒரு நொடி நினைத்துவிட்டால் என்ன செய்வேன்? என்னை நீ எப்படிப் பார்ப்பாய்? அதற்குத்தான் பயந்தேன். வேறு எதற்கும் இல்லை.

சனிக்கிழமை காலை கைப்பையில் ஈரத் துண்டு ஒன்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். பெரிய ஊறுகாய் பாட்டில் ஒன்றையும் கழுவி எடுத்துக்கொண்டேன். என் திட்டம் இதுதான்: பிள்ளைகள் வருமுன் போய், யாரும் பார்க்காதபோது கல்லை எடுத்து பாட்டிலில் போட்டுவிட வேண்டும். கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம். உன் வீட்டிலேயே திருடப் போனேன். பொன்னேரியில் ஏறிக் கவரைப்பேட்டையில் இறங்குகிற ஒரே ஸ்டேஷன் தூரத்துக்குள் மூன்று தடவை பாட்டில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "மாங்காவா, எலுமிச்சையா?" என்று கேட்டார். எலுமிச்சை என்றேன்.

ஷேர் ஆட்டோ உங்கள் காலனி முனையில் இறக்கிவிட்டபோதே பள்ளிக்கூட வேன் நின்றுகொண்டிருந்தது. எனக்கு முன்னால் வந்துவிட்டார்கள்.

உன் முன் அறையை நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா. கட்டிலை எடுத்துவிட்டு மூன்று பக்கமும் இரும்பு ராக் போட்டிருக்கிறார் மாமா. ராக் முழுக்க முட்டை அட்டை, குழிக்கு ஒரு கல். எல்லாமே நாம் குப்பை என்று தள்ளிய கல். ஒவ்வொன்றுக்கும் நீ சொல்லி கிரேஸ் எழுதிய சீட்டு. கல்லின் பெயர் உனக்குத் தெரியாது, அதனால் நாளின் பெயரைச் சொல்லியிருக்கிறாய். "மழையில லோடு வராத நாளு." "கிரேஸ் பத்தாவது பாஸான நாளு." "சூப்பர்வைசர்கிட்ட சண்ட போட்ட நாளு." ஆரணியாற்றுக் கூழாங்கல் தனியாக ஒரு தட்டில். உன் டிபன் பாக்ஸ் ஆணியில் தொங்குகிறது.

வாசலில் மாமா நின்றுகொண்டு வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு கல்லைக் கொடுத்தார். திரும்பிப் போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டுமாம். அதுவும் நீ சொன்னதாம். எனக்குக் காக்காப்பொன் மின்னுகிற ஒன்றைக் கொடுத்துவிட்டு, "உன் கல்லு நடு மேசையில கீது, போய்ப் பாரு. ராஜா கணக்கா வெச்சிருக்கா" என்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவரை அவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை.

நடு மேசையில் சிவப்புத் துணி. அதன் மேல் பட்டுக்கல். துணி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பிசிறு. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சீட்டில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "ஒவ்வொருவரும் ஒரு நூல் எடுத்துக்கொள்ளலாம்." மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். அவள் இரண்டு விரலைக் குவித்துக்கொண்டு கல்லின் மேல் குனிந்தாள். அவள் மூக்குக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"தொடாத!"

அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே உடனே தெரியவில்லை. அந்தப் பெண் கையை உதறிப் பின்னால் எடுத்து, பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று அவள் உதடு சொன்னது. வாசலில் இருந்து மாமா உள்ளே வந்தார்.

"இன்னா ராணி இது? இந்த ஊட்ல அந்த வார்த்தைய யாரும் சொல்லக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். என்னைத் தவிர வேறு யாருக்கு அது அவ்வளவு தெரியும்? நான் போய் மின்விசிறியை நிறுத்தினேன். ஈரத் துண்டை எடுத்துக் கல்லின் மேலும் துணியின் மேலும் போர்த்தினேன். "டீச்சர், புள்ளைங்கள வெளிய கூட்டிக்கினு போங்க. குழாயில கை கழுவச் சொல்லுங்க. கல்லு நல்ல கல்லு இல்ல" என்றேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே கூட்டிக்கொண்டு போனார். இரட்டைப் பின்னல்காரி போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அந்த அறையில், உன் கட்டில் இருந்த இடத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். திரையில் பார்த்த படம், கல்நார், நூல், மூச்சு. மாமா துண்டு போர்த்திய கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"போன வருஷத்திலேர்ந்து மாமா."

"அப்ப அவ இருந்தா."

"ஆமா மாமா."

அவர் வெளியே போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கதவைக்கூட அவர் மெதுவாகத்தான் சாத்தினார்.

கிரேஸ் உன் பெண்தான். அழவில்லை. "முதல்ல அந்தப் புள்ளைங்களுக்கு ஏதாவது ஆகுமான்னு கேளுங்க" என்றாள். சேஃப்டி ஆபீசர் தம்பிக்குப் போன் போட்டேன். லீவு நாளிலும் எடுத்தார், நல்ல பிள்ளை. ஒரு தடவை பக்கத்தில் நின்றதற்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம் என்றார். துடைப்பம் போட்டுப் பெருக்காதே, நனைத்துத் துடை, துணியோடு கட்டி ஓரமாக வை, கல்லை மூடி போட்ட பாத்திரத்தில் வை, யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டுச் சொல்கிறேன் என்றார். நானும் கிரேஸும் கையுறை மாட்டி, மூக்கைக் கட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்தோம். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, கல்லை உள்ளே இறக்கி, மூடியைச் சுற்றி மெழுகு விட்டு டேப் ஒட்டினோம். தண்ணீருக்குள் அந்தப் பட்டை இன்னும் அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தரையைத் துடைத்துக்கொண்டே அவளிடம் கேட்டேன். கேட்கக் கூடாதுதான், ஆனால் ஒரு வருடமாகத் தொண்டையில் நிற்கிற கேள்வி. "கிரேஸு, உங்கம்மாவ இதுவா..."

"தெரியாது சின்னம்மா. டாக்டர் கல்லுத்தூளுன்னாரு. எந்தக் கல்லுன்னு யாரும் பிரிச்சுப் பாக்கல." கையுறையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "சரி, நீங்க நெஞ்சப் படம் எடுத்தீங்களா? அம்மாகூட பன்னண்டு வருஷம் பக்கத்துல உக்காந்தவங்க நீங்க. அந்தக் கல்லு ஒன்னு. மத்த லோடெல்லாம்?"

நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு ஆறு மாதமாக வறட்டு இருமல் இருக்கிறது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். கேஸ் குமிழை மூன்று தடவை பார்க்கிறவள், சொந்த நெஞ்சை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மாமா திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "உன் மேல எனக்குக் கோவம் கீது ராணி. அது சீக்கிரம் போவாது. அது பாட்டுக்கு இருக்கட்டும். திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சப் படம் எடு. அவ இருந்தா உன் முடியப் புடிச்சு இழுத்துக்கினு போயிருப்பா." சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ப் பிள்ளைகளை மறுபடியும் கூப்பிட்டார்.

கிரேஸ் புதுச் சீட்டு எழுதினாள். "இது பட்டுக்கல் இல்லை, கல்நார். இதன் நூல் மூச்சுக்குள் போகக் கூடாது. பாட்டிலைத் தொடலாம்." என் பெயரை எடுத்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அந்த இரட்டைப் பின்னல் பெண் எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். நான்தான் பாட்டிலைத் தூக்கி அவளிடம் நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "தொடலாமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். தொடு என்றேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

இன்று காலை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். வெள்ளைக்கல் யார்டு, பன்னிரண்டு வருடம் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை குழாயை வைத்துக் கேட்டார். எக்ஸ்ரேக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எக்ஸ்ரே அறை இருட்டாக, குளிர்ந்து கிடந்தது. காதில் கழுத்தில் இருந்ததைக் கழற்றச் சொன்னார்கள். நெஞ்சைப் பலகையில் ஒட்டி, தாடையை மேலே தூக்கி நின்றேன். பலகை சில்லென்று இருந்தது, உன் தூணைப் போல. தடுப்புக்குப் பின்னால் இருந்து அந்தப் பையன் குரல் கொடுத்தான்.

"மூச்ச நல்லா இழுத்துப் புடிங்கம்மா."

பிடித்தேன். கை இரண்டும் இடுப்பில் இருந்தன. என்னை அறியாமல் விரல் ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்தது. மெஷின் ஒரு சத்தம் போட்டு அடங்கியது. "ஆச்சும்மா, போலாம்" என்றான். நான் நகரவில்லை. பத்து ஆகி, பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டிருந்தது. "அம்மா, முடிஞ்சிடுச்சும்மா" என்று அவன் வெளியே வந்து பார்த்தான். இருபதும் ஆகிவிட்டது. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது.

படம் நாளைக்குக் கிடைக்கும். சீட்டு இதோ மேசையில் இருக்கிறது. வாளியில் புடவை இருக்கிறது. நீ "வுடு" என்று சொல்லுவாய் என்று அந்த இருட்டில் நின்றேன் அக்கா. இன்னும் அப்படித்தான் நிற்கிறேன்.

உன்
ராணி